தணிக்கை அதிகாரியே இல்லை, அப்புறம் என்ன தணிக்கை?

கேள்வி: ஜூன் 2, 2024

வெள்ளைக்காரன் காலத்தில் பத்திரிகைகளை ஒடுக்கினார்கள் என்று பள்ளிப் பாடத்திலிருந்து மேடைப் பேச்சு வரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் காலத்து இதழ்களைப் புரட்டினால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைஸ்ராயை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள். அரசாங்கத்தைக் கேலி செய்து படம் போட்டிருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்து அடிக்க ஓர் அதிகாரிகூட உட்கார்ந்திருக்கவில்லை. அப்புறம் என்ன தணிக்கை? நாம்தான் ஊதிப் பெரிதாக்குகிறோமோ?

ஜூன் 2, இரவு 10.15

பாதி சரி. அந்தப் பாதிதான் சிக்கல்.

படித்துப் பார்த்து அடிக்கிற அதிகாரி இருந்த காலமும் உண்டு. 1799-இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, திப்புவோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். கல்கத்தாவில் எந்தப் பத்திரிகையும் அரசாங்கச் செயலாளர் பார்க்காமல் வெளிவரக் கூடாது, அச்சிட்டவர் பெயரை அடியில் போட வேண்டும் என்று விதி செய்தார். முன்தணிக்கை 1818-இல் போய்விட்டது. 1823-இல் உரிமம் வாங்கினால்தான் பத்திரிகை என்றார்கள். ராம் மோகன் ராய் அப்படி உரிமம் கேட்டு நிற்க விரும்பாமல் தம்முடைய பாரசீகப் பத்திரிகையையே நிறுத்திவிட்டார். 1835-இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் மெட்காஃப் அதையும் எடுத்தார். அதன்பின் 1857 கலகம், உலகப் போர்கள் போன்ற நெருக்கடி நேரங்களை விட்டுவிட்டால், நீங்கள் சொல்கிற அந்த அதிகாரி பெரும்பாலும் இல்லைதான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஹிக்கி. 1780 ஜனவரியில் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் செய்தித்தாளைத் தொடங்கிய ஆள். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸையும் அவர் மனைவியையும் வம்புக்கு இழுத்தார். நவம்பரில் ஹேஸ்டிங்ஸ் என்ன செய்தார்? ஹிக்கியின் பத்திரிகையைத் தபாலில் எடுத்துப் போகக் கூடாது என்றார். அப்புறம் வழக்கு, அபராதம், சிறை. மனிதர் சிறையிலிருந்தபடியே பத்திரிகை நடத்தினார். 1782-இல் அச்சு எழுத்துகளை அள்ளிக்கொண்டு போனார்கள், அதோடு கதை முடிந்தது.

அவர் பேனாவை யாரும் பிடுங்கவில்லை, கவனியுங்கள். தபால், பணம், ஈய எழுத்து. பின்னால் வந்த சட்டங்களும் இந்த மூன்றைச் சுற்றித்தான். 1878-இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த சட்டம் சுதேசமித்திரன் மாதிரியான தாய்மொழிப் பத்திரிகைகளின் கழுத்தைப் பிடித்ததும் இப்படித்தான்.

நீங்கள் புரட்டியவை அச்சாகி வந்த இதழ்கள். அச்சுக்கூடக்காரர் “எனக்கு வேண்டாம் சாமி” என்று திருப்பிக் கொடுத்தவை அதில் இருக்காது.

ஜூன் 3, காலை

ஜாமீன் பணம், அதாவது அரசாங்கத்துக்கு ஆகாததை அச்சிட்டால் பறிபோகிற முன்பணம், அது பற்றி ஒரு கணக்கு. ராத்திரி படுத்த பிறகு தோன்றியது.

1910 பத்திரிகைச் சட்டப்படி புதிதாக அச்சுக்கூடம் வைக்கிறவர் மாஜிஸ்திரேட்டிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற அச்சுக்கூடம் என்றால் 5,000 வரை கேட்கலாம். அந்தப் பணம் பறிபோய்விட்டால் மறுபடி தொடங்க 1,000 முதல் 10,000. இதில் அச்சுக்கூடத்துக்குத் தனி, பத்திரிகையை வெளியிடுகிறவருக்குத் தனி.

இன்றைக்கு 2,000 ரூபாய் என்றால் சிரிப்புத்தான் வரும். அப்போது ஒரு பவுன் காசுக்கு 15 ரூபாய் என்பது அரசாங்க விகிதம். 500 ரூபாய் என்றால் 33 பவுன். 2,000 என்றால் 133. 10,000 என்றால் 666 பவுன். வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்னேன். “அத்தனை பவுன் இருந்தா அவன் எதுக்குப் பத்திரிகை நடத்துதான்?” என்று பதில் வந்தது.

அன்னி பெசன்டின் நியூ இந்தியா பத்திரிகைக்கு 1916-இல் 2,000 ரூபாய் கேட்டார்கள். கட்டினார். ஆகஸ்டில் பறித்துக்கொண்டு 10,000 கேட்டார்கள். அதையும் கட்டினார். உயர் நீதிமன்றத்தில் தாமே நின்று வாதாடினார், தோற்றார். அவருக்குப் பின்னால் பிரம்மஞான சபை இருந்தது, வசதியான நண்பர்கள் இருந்தார்கள். கும்பகோணத்திலோ மதுரையிலோ வாரத்துக்கு நான்கு பக்கம் போடுகிற மனிதர் 133 பவுனுக்கு யார் கழுத்தைப் பார்ப்பார்?

ஜூன் 3, இரவு 11

சொந்தக் கதை கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்துக்கு வந்துவிடுவேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் என் அப்பா டிரெடில் அச்சகம் வைத்திருந்தார், காலால் மிதித்து ஓட்டுவது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ், தேர்தல் வந்தால் சுவரொட்டி. கம்பாசிட்டர், அதாவது எழுத்துக் கோப்பவர், ஒரே ஒருவர். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அப்பா உட்பட. சம்பளம் கொடுக்கிறவரே அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அந்த இடத்தில் யார் முதலாளி என்று உங்களுக்கே புரியும்.

ஒரு வேலை முடிந்ததும் எழுத்தைக் கலைத்து, ஒவ்வொன்றையும் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், அதனதன் அறையில் போட்டுவிடுவார். ஒரே ஒரு வரியை மட்டும் கலைக்க மாட்டார். அச்சகத்தின் பெயர், ஊர். ட்வைன் நூலால் இறுக்கிக் கட்டி மேஜை ஓரத்தில் வைத்திருப்பார். எந்தப் பக்கத்தை முடுக்கினாலும் கடைசியில் அந்த வரி அடியில் ஏறிக்கொள்ளும். நான் அதை விளம்பரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

விளம்பரம் இல்லை. 1867-ஆம் ஆண்டின் 25-ஆவது சட்டம். அச்சிட்ட எதிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும். அச்சுக்கூடம் வைக்கிறவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரிகை என்றால் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் தனியாகக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. 2024 மார்ச் 1-ஆம் தேதிதான் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்தது. 157 வருஷம்.

அண்ணாச்சி ஒரு தடவை சொன்னது: “எழுதுனவன் பேரு மேல கெடக்கும் தம்பி. போலீசுக்காரன் அடியில இருந்துல்லா வாசிப்பான்.”

அவர் அதைச் சொன்ன சந்தர்ப்பம்: 1978 அல்லது 79. எங்கள் பக்கம் தெருக்குழாயில் பல வாரம் தண்ணீர் வரவில்லை என்று காட்டமாக ஒரு நோட்டீஸ் ஊரெல்லாம் வந்தது. அடியில் அச்சகத்தின் பெயர் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவருக்காக அப்பா விட்டுவிட்டார். இரண்டாம் நாள் போலீஸ் நேராக எங்கள் கடைக்கு வந்தது. எங்கள் 12 பாயிண்ட் கேஸில் ஒரு ‘ண’ கால் உடைந்தது. ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் அந்த நொண்டி ‘ண’ இருக்கும். நோட்டீஸிலும் இருந்தது. அப்பா காலையில் ஸ்டேஷனுக்குப் போனவர் ராத்திரி பத்து மணிக்குத்தான் வந்தார். அடி உதை எதுவும் இல்லை. பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் கருமாதிப் பத்திரிகையில்கூட அந்த வரி ஏறாமல் வெளியே போகாது.

நோட்டீஸ் எழுதியவர் யார் என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜூன் 5

மானம் போனது. முதல் குறிப்பில் 1878 சட்டம் சுதேசமித்திரனின் கழுத்தைப் பிடித்தது என்று எழுதியிருக்கிறேன். சுதேசமித்திரன் பிறந்ததே 1882-இல். அந்தச் சட்டத்தை அடுத்த வைஸ்ராய் ரிப்பன் காலத்தில் தூக்கியதும் அதே 1882-இல். பிறக்காத பிள்ளையின் கழுத்தைப் பிடித்திருக்கிறேன். போதாததற்கு அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தவே இல்லை. இங்கே அதற்கு அவசியமில்லை என்று சென்னை அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டது. நம் பத்திரிகைகள் அவ்வளவு சாதுவாக இருந்தன என்று பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா தெரியவில்லை.

அடி விழுந்தது வங்காளத்தில். ஆங்கிலப் பத்திரிகையைத் தொடாத சட்டம் அது, தாய்மொழிப் பத்திரிகைக்கு மட்டும். மார்ச் 14-ஆம் தேதி ஒரே அமர்வில் நிறைவேற்றினார்கள். அம்ரித பஜார் பத்திரிகா மார்ச் 21 இதழை முழுக்க ஆங்கிலத்தில் கொண்டுவந்து சட்டத்தின் கைக்கு எட்டாமல் போய்விட்டது. “இரவோடு இரவாக மாறியது” என்று எல்லாரும் சொல்லும் கதை. வாரப் பத்திரிகை என்பதால் ஒரு வாரம் கிடைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணாச்சியிடம் இந்தக் கதையைச் சொன்னால் அதை நடத்திய கோஷ் சகோதரர்களின் வீரத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். “இங்கிலீஷ் எழுத்துக்கு எங்க போனான்?” என்றுதான் கேட்பார். நாலு பக்கம் கோக்கிற அளவுக்கு எழுத்து ஒரு வாரத்தில் வந்துவிடாது. விடை எளிது. அது அதற்கு முன்பே வங்காளம் பாதி, ஆங்கிலம் பாதியாக வந்துகொண்டிருந்த பத்திரிகை. இங்கிலீஷ் எழுத்து உள்ளேயே இருந்தது, அதைக் கோக்கத் தெரிந்த ஆளும் இருந்தான். சோம் பிரகாஷ் என்ற வங்காளப் பத்திரிகைக்கு அந்த வழி இல்லை. உறுதிப் பத்திரம் எழுதிக் கொடு என்றார்கள், அது நின்றுபோனது.

ஜூன் 6, மதியம்

பாரதி பற்றிக் கேட்டவருக்கு.

‘இந்தியா’ வாரப் பத்திரிகை சென்னையில் 1906-இல் தொடங்கியது. சிவப்புக் காகிதம், முகப்பில் கேலிச்சித்திரம். பணம் போட்டவர்கள் மண்டயம் குடும்பத்தார். எழுதியவர் பாரதி என்பது திருவல்லிக்கேணியில் எல்லாருக்கும் தெரியும். பதிவில் இருந்த ஆசிரியர் பெயரோ எம். சீனிவாசன். 1908 ஆகஸ்டில் போலீஸ் வந்து பிடித்தது சீனிவாசனை. ராஜத்துரோகம், ஐந்து வருஷம். பாரதி புதுச்சேரிக்கு ரயில் ஏறினார்.

இதை நான் எங்கே பேசினாலும் ஒரு சங்கடமான மௌனம் வரும். வரட்டும். ஐந்து வருஷம் உள்ளே இருந்த மனிதரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கு ஒரு தெருவாவது உண்டா? புதுச்சேரியில் பாரதி தங்கிய வீடு, பாடிய தோப்பு எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறோம்.

ஜூன் 6, இரவு

மதியம் எழுதியதை மறுபடி படித்தேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப சுலபமாகப் பேசியிருக்கிறேன்.

1908-இன் காற்று எப்படி இருந்தது என்று பாருங்கள். மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது, மறுநாள் திருநெல்வேலி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலை 7-இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதே மாதம் 22-இல் கேசரி பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகருக்கு ஆறு வருஷம், மாண்டலே. அடுத்தது யார் என்று எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பாரதியும் உள்ளே போயிருந்தால் ‘இந்தியா’ அங்கேயே முடிந்திருக்கும். போனதால் அக்டோபரிலேயே புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது, 1910 மார்ச் வரை. அங்கே அதை எப்படி நிறுத்தினார்கள்? பிரெஞ்சு மண்ணில் கை வைக்க முடியாது. எல்லையைத் தாண்டி இங்கே வருவதைத்தான் மறித்தார்கள். சந்தாதாரர் எல்லாரும் இந்தப் பக்கம். பத்திரிகை அந்தப் பக்கம். ஹிக்கிக்குச் செய்த அதே வைத்தியம், 130 வருஷம் கழித்து.

ஜி. சுப்பிரமணிய ஐயரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஹிந்துவைத் தொடங்கிய ஆறு பேரில் ஒருவர், சுதேசமித்திரனைத் தொடங்கியவர், பாரதிக்கு முதலில் பத்திரிகை வேலை கொடுத்தவர். அதே 1908 ஆகஸ்டில் அவரையும் பிடித்தார்கள். எங்கே? குற்றாலத்தில். உடம்பெல்லாம் நோயாகி, அருவித் தண்ணீர் பட்டால் தேவலை என்று வந்து தங்கியிருந்த மனிதர். எழுதுவதை அடக்கிக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்து வெளியே வந்தார். இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. சீசனில் குற்றாலத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பரோட்டாவைத் தவிர வேறெதுவும் நினைவில் வந்ததில்லை. இப்போது போனால் வரும்.

ஜூன் 9

இன்னொரு திருத்தம், இது பெரியது. சீனிவாசனைப் பதிவில் இருந்த “ஆசிரியர்” என்று எழுதினேன். 1867 சட்டம் ஆசிரியரைக் கேட்கவே இல்லை. அதற்கு வேண்டியது அச்சிடுபவரும் வெளியிடுபவரும். ஆசிரியர் பெயரையும் ஒவ்வொரு பிரதியிலும் போட வேண்டும் என்பது 1922-இல்தான் வந்தது, 1910 சட்டத்தை எடுத்த அதே கையோடு. ஒரு கையால் ஜாமீனை விட்டார்கள், மறு கையால் ஆசிரியரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதாவது அதுவரை எழுதியவர் யார் என்று நிரூபிப்பது போலீஸின் தலைவலி. அச்சிட்டவர் யார் என்பது அடியிலேயே இருக்கிறது. இதனால்தான் 1907-இல் கல்கத்தாவில் அந்த வேடிக்கை நடந்தது. வந்தே மாதரம் பத்திரிகையின் ஆசிரியர் அரவிந்தர் என்று ஊருக்கே தெரியும், கோர்ட்டில் நிரூபிக்கத்தான் ஆளில்லை. விபின் சந்திர பாலைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். வாய் திறக்க மறுத்தார், ஆறு மாதம் போட்டார்கள். அரவிந்தர் விடுதலை. சிறைக்குப் போனவர் அச்சிட்டவர்.

இப்போது சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெற்கே வாருங்கள். விபின் சந்திர பால் விடுதலையான நாள் 1908 மார்ச் 9. அதைக் கொண்டாடியதற்காகத்தான் வ.உ.சி.யையும் சிவாவையும் 12-ஆம் தேதி பிடித்தார்கள். ஒரு பத்திரிகையின் ஆசிரியர் யார் என்று ஒருவர் சொல்ல மறுத்தார், அதன் கடைசிக் கண்ணியில் திருநெல்வேலியில் கடைவீதி எரிந்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கதையாகக் கேட்டதற்கு வேர் கல்கத்தாவில் ஒரு அச்சுக்கூடத்தில் இருக்கிறது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஜூன் 10

அலகாபாத்தில் ‘ஸ்வராஜ்’ என்று ஓர் உருதுப் பத்திரிகை. 1907-இல் தொடங்கி இரண்டரை வருஷத்தில் எட்டு ஆசிரியர்களைப் பார்த்தது. ஒருவர் உள்ளே போக, அடுத்தவர் நாற்காலியில் உட்கார, அவரும் போக. எங்கள் கடையில் அண்ணாச்சி இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாலே அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்.

ஜூன் 13

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு முன்பொரு முறை போனதைச் சொல்கிறேன். கேள்வி கேட்டவர் “ஒடுக்கியதாகத் தெரியவில்லையே” என்றாரே, அதற்கு அங்கேதான் சரியான பதில் இருக்கிறது.

மாகாண அரசாங்கம் வாரா வாரம் ஓர் அறிக்கை தயாரித்தது. சுதேச பாஷைப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று. மேலே ரகசியம் என்று போட்டிருக்கும். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது எல்லாவற்றுக்கும் அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள். இன்ன பத்திரிகை, இன்ன தேதி, இன்னது சொல்கிறது என்று ஆங்கிலத்தில் சுருக்கம். இன்ன ஊரில் வருகிறது, எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை பிரதி என்று பட்டியல் வேறு.

கட்டைத் திறந்தால் ஓரம் பொடியாக உதிர்கிறது. நான் போனது வெயில் காலம். மின்விசிறியை வேகமாக வைத்தால் பக்கம் பறக்கும், நிறுத்தினால் வியர்வை பக்கத்தில் சொட்டும். கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படித்தேன். முதல் அரை மணி நேரம் கோபம் வந்தது. நம்ம ஆள், மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து, நம்ம ஆள் எழுதியதை வெள்ளைக்காரனுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆகிவிட்டது. அதிலிருக்கும் பத்திரிகைகள் பலவற்றுக்கு இன்றைக்கு ஒரு பிரதிகூடக் கிடையாது. கரையான் தின்றது, எடைக்குப் போனது, பயந்து வீட்டுக்காரர்களே அடுப்பில் போட்டது. மிச்சம் இருப்பது அந்த ஒற்றர் எழுதிவைத்த ஆங்கிலச் சுருக்கம் மட்டும். ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகை என்ன சொன்னது என்று தெரிந்துகொள்ள ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. காட்டமான வசை எல்லாம் மொழிபெயர்ப்பில் மழுங்கிப்போய், புகார் மனு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வேளை அந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே மழுக்கினாரோ? இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

எப்படியானாலும் ஒரு வரி விடாமல், விளம்பரம் வரை, வாரா வாரம் படித்த வாசகர். இன்றைக்கு எந்த ஆசிரியருக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார்?

ஜூன் 13, கொஞ்ச நேரம் கழித்து

அச்சகத்தில் காப்பியை, அதாவது எழுதிக் கொடுத்த தாளை, குத்தி வைக்க ஒரு கம்பி இருக்கும். அடியில் மரக்கட்டை, மேலே கூரான கம்பி. கோத்து முடித்த கையெழுத்துத் தாளை அதில் குத்திவிடுவார்கள். எழுதியது யார் என்று சொல்வதற்கு அந்தக் கம்பியைவிட நல்ல சாட்சி கிடையாது, கையெழுத்தே இருக்கிறதே. அச்சுக்கூடத்தில் சோதனை என்றால் முதலில் எதைத் தேடியிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். பத்திரிகைப் பிரதி தெருவிலேயே கிடைக்குமே.

ஜூன் 15

காங்கிரஸ் பத்திரிகைகளை மட்டுமே பேசுகிறேன் என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். நியாயம்தான்.

குடி அரசு. 1933 அக்டோபரில் “இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?” என்று தலையங்கம். எழுதிய பெரியார் மேல் ராஜத்துரோக வழக்கு. கூடவே வெளியிட்டவர் மேலும். வெளியிட்டவர் யார்? அவருடைய தங்கை கண்ணம்மாள். இருவருக்கும் சிறை. மறுபடியும் அந்த அடிவரிதான். அந்த வரியில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது, அவரும் போய் இருந்துவிட்டு வந்தார். வீட்டுப் பெண் பெயரைச் சும்மா பேருக்குப் போட்டு வைக்கும் வழக்கம் இன்றும் எத்தனையோ கடைகளில் உண்டு. இது சும்மா பேருக்கு இல்லை.

குடி அரசு நின்றதும் நவம்பரில் ‘புரட்சி’ என்று வந்தது. அதுவும் போனதும் ‘பகுத்தறிவு’. 1935-இல் மறுபடி குடி அரசு. ஆளும் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை, நெற்றியில் இருக்கும் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. போலீஸ் கோப்பில் புதிதாக ஒரு பக்கம் தொடங்குவதற்குள் அடுத்த பெயர்.

சுதந்திரச் சங்கு பற்றிக் கேட்டிருந்தார்கள். காலணாவுக்கு விற்ற பத்திரிகை, வாரம் மூன்று தடவை. அதன் பிரதி ஒன்றைக்கூட நான் கையில் தொட்டதில்லை, ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். 1930-இல் அகமதாபாத்தில் நவஜீவன் அச்சகத்தை எடுத்துக்கொண்டதும் காந்தியின் யங் இந்தியா சைக்ளோஸ்டைலில் வந்தது தெரியும். ஈய எழுத்தும் வேண்டாம், கம்பாசிட்டரும் வேண்டாம். ஒரு ஸ்டென்சில், ஒரு உருளை, ஒரு பாட்டில் மை. அண்ணாச்சி சைக்ளோஸ்டைலைக் கண்டாலே முகம் சுளிப்பார். “அது அச்சா, கறையா?” என்பார்.

ஜூன் 19

அண்ணனிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன், போனில். தண்ணீர் நோட்டீஸ் வரும் வரை “ம்” கொட்டிக்கொண்டிருந்தவர் அங்கே நிறுத்தினார். நான் எழுதியது தப்பாம். எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணனுக்கு பதினாறு. ஆகவே அவர் சொல்வதே சரி.

பெயர் போட வேண்டாம் என்று யாரும் வந்து கேட்கவில்லை. அப்படி ஒரு வாடிக்கையாளரே கிடையாது. நோட்டீஸை எழுதியதே அண்ணாச்சி. எழுதவும் இல்லை, நேரே ஸ்டிக்கில், எழுத்துக் கோக்கும் சட்டத்தில், கோத்தார். குழாயில் தண்ணீர் வராத தெரு அவருடைய தெரு. ராத்திரி அப்பா போன பிறகு அவரே கோத்து, அவரே மிதித்து, விடிவதற்குள் எழுத்தைக் கலைத்துக் கேஸில் போட்டுவிட்டார். கம்பியில் குத்த காப்பியே இல்லை. நூல் கட்டிய அந்த ஒரு வரியை மேஜையிலேயே விட்டுவிட்டார். எல்லாம் சரியாகத்தான் செய்தார், நொண்டி ‘ண’-வை மறந்ததைத் தவிர.

போலீஸ் வந்தபோதுதான் அப்பாவுக்கே தெரியும். நோட்டீஸைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். ஒரு நிமிஷம் அண்ணாச்சி பக்கம் திரும்பிப் பார்த்தாராம். “முடுக்கும்போது அடிவரி நழுவிட்டு போலிருக்கு சார், என் வேலைதான்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாராம். ராத்திரி வந்தவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை அண்ணாச்சி வழக்கம் போல எட்டரைக்கு வந்தார், வழக்கம் போல அப்பா டீ வாங்கிக் கொடுத்தார்.

பாரதியையும் சீனிவாசனையும் பற்றிய ஜூன் 6 மதியக் குறிப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஜூன் 20

அண்ணன் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அச்சகத்தை விற்றபோது ஈயத்தை எடைக்குப் போட்டார்கள், கேஸ் கேஸாக. நூல் கட்டிய அந்த வரியை மட்டும் அவர் எடுத்து வைத்திருந்திருக்கிறார், இத்தனை வருஷம் சொல்லாமல். எழுத்தெல்லாம் இடவலம் மாறித்தானே இருக்கும், படத்தைப் புரட்டிப் போட்டுப் படித்தேன். நூல் கறுத்துப்போய் ஈயத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் யாரோ ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகியிருக்கிறார்கள், மற்றவை ஆடாமல் இருக்க.